பத்துக்கு எத்தனை வலி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. அல்சூரிலிருந்து காலேஜ் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விட்டது.

தீசிஸ் டேட்டா ஏற்றினேன். பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் தைக்கும் பெண்கள், இரண்டு குரூப். ஒரு லைன் பழைய ஸ்டூலில். இன்னொரு லைன் ஒரு மாதமாக முதுகு சாயும் புது நாற்காலியில். முதுகுவலி பூஜ்யத்திலிருந்து பத்துவரை. பத்து என்றால் தாங்க முடியாத வலி. ஸ்டூல் லைனை நான் கேட்டேன். நாற்காலி லைனைக் கேட்க வேண்டிய அன்று மழை, சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டேன். சூப்பர்வைசர் ராஜம்மாவே கேட்டு எழுதி வைத்துவிட்டார். புண்ணியவதி.

ஆட்கள் கம்மி, எண்கள் தாறுமாறு. எனவே சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்ட் கூடாது, மான்-விட்னி டெஸ்ட்தான். எல்லா எண்ணையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையில் நிற்கவைத்து, எந்த குரூப் முன்னால் நிற்கிறது என்று பார்க்கும். ஸ்கூல் அசெம்பிளி மாதிரி. இதற்கே சாஃப்ட்வேர் பிராணனை வாங்குகிறது. "ஸ்டூல்", "நாற்காலி" என்று எழுத்தில் அடித்தேனாம். ஒன்று, இரண்டு என்றுதான் வேண்டுமாம். சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!

வாங்க: குடை, பால், அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

ஜூலை 9, புதன்

டெஸ்ட் ஓடியது. வித்தியாசம் இல்லை. p என்ற எண் 0.05-க்குக் கீழே வந்தால்தான் வித்தியாசம் உண்டு என்று கணக்கு; கிட்டத்தில்கூட வரவில்லை. மறுபடி ஓட்டினேன். அதேதான். அதே பட்டனை அழுத்தினால் வேறென்ன வரும், முட்டாள்.

நாற்காலி லைனில் நிறைய ஒன்பது, பத்து. அவ்வளவு வலியா?

கைடு மேடம்: "p கம்மி ஆகலியா அமலா? அந்தப் பத்து எல்லாம் தூக்கிடேன். கூட்டத்தோட சேராத அவுட்லையர்தானே?"

முடியாது என்று வாய்வரை வந்தது. "பாக்கறேன் மேடம்" என்று வெளியே வந்தது. எரிச்சல்.

மாத்திரை மறந்துவிட்டேன். அம்மாவிடம் திட்டு.

ஜூலை 10, வியாழன்

ஃபேக்டரி மேனேஜர் போன். நாற்காலிகள் ட்ரயலுக்கு வந்தவை, விற்கிறவர் திருப்பிக் கேட்கிறாராம். "பெனிஃபிட் இருந்தா எல்லா லைனுக்கும் வாங்கிடலாம். இல்லாட்டி ரிட்டர்ன். ஒரே வார்த்தைல சொல்லுங்க மேடம், டிஃபரன்ஸ் இருக்கா இல்லையா?"

அப்போதுதான் கம்ப்யூட்டர் ஹேங் ஆகி, சேவ் பண்ணாததெல்லாம் போயிருந்தது. "இல்லை சார்" என்றேன்.

"ஆயித்து, அப்ப ரிட்டர்ன்தான். தேங்க்ஸ் மேடம்."

'இல்லை' வேறு, 'இந்த டேட்டாவில் தெரியவில்லை' வேறு. ஜூனியர்களுக்கு நானே கிளாஸ் எடுத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மாத்திரை வாங்கியாயிற்று. குடை இல்லை.

ஜூலை 11, வெள்ளி

மனசு கேட்கவில்லை. பொம்மனஹள்ளி போனேன். நனைந்தேன். சாப்பாட்டு நேரம். நாற்காலி லைனில் பத்து போட்டவர்களில் ஒருவர், செல்வி அக்கா, புளிசாத டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"அக்கா, அன்னிக்குப் பத்து சொன்னீங்களே, அவ்ளோ வலியா?"

"வலியா? ராஜம்மா மிஷின் சத்தத்துல வந்து, நாற்காலி டெஸ்டு, பத்துக்கு எவ்ளோன்னு கேட்டுச்சு. சூப்பரா இருந்துச்சு மேடம், பத்துக்குப் பத்து போட்டேன். பக்கத்து மிஷின் கமலா ஏழுன்னா. மார்க்கு கொறைச்சா திருப்பி எடுத்துக்குவாங்கடின்னு நாந்தான் திட்டி ஒன்பதாக்குனேன்."

மார்க். நாற்காலிக்கு மார்க் போட்டிருக்கிறார்கள். சிலர் வலியைத்தான் சொல்லியிருப்பார்கள். யார் எது என்று இனி பிரிக்க முடியாது. அந்த அழகான மான்-விட்னி வலியையும் சந்தோஷத்தையும் ஒரே வரிசையில் நிற்கவைத்திருக்கிறது. நான் மூக்கால் அழுதுகொண்டு சாஃப்ட்வேரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"திங்கக்கிழமை நானே வந்து எல்லாரையும் திரும்பக் கேக்கறேன்க்கா. நாற்காலியில உக்காந்திருக்கும்போதே."

"எந்த நாற்காலி? காலைலயே வண்டி வந்து ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்களே."

பெல் அடித்தது. செல்வி அக்கா பின்னாலேயே லைனுக்குப் போனேன். பழைய ஸ்டூல். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். ஊசியில் நூல் கோத்தபடி கேட்டார்:

"பத்துக்குப் பத்து குடுத்தோமே மேடம், அப்புறமும் ஏன் எடுத்துட்டுப் போனாங்க?"