தேங்காய் எண்ணெய் பூசிய பெல்ட்

மாப்பிள்ளை,

கடல் ஊருக்குள் ஏறி வந்த வருஷத்துக்கு முந்தின வருஷம் அது. ரங்கத் சாலையில் மண் சரிந்து பஸ்கள் நின்றதும், ஜங்லிகாட்டில் நம் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்ததும், நீ கடைசியாகக் கட்சால் தீவுக்குக் கப்பல் ஏறியதும் அந்த ஒரே வருஷத்தில்தான்.

இன்று காலை உன் மகள் அமலியின் பையைத் திறந்தேன். தேங்காய் எண்ணெய் வாசம் முகத்தில் அடித்தது. கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். கீழ்க்கடை பாய்தான் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். நான் பேச்சை நிறுத்தினால், "பிறகு?" என்று மட்டும் கேட்கிறார்.

நம் ஆட்களின் வழக்கம் பாய்க்குத் தெரியாது, சொன்னேன். சிப்பிக்கு மூழ்குகிறவன் தன் பையைத் தானே கட்டக் கூடாது. அவன் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோ கட்டவேண்டும். கடலில் கயிற்றைப் பிடிப்பதும் அவனே. கூடப் பிறந்தவள் தாலி அறுப்பதை எவன் பொறுப்பான்? அதனால் ஒரு முடிச்சைக்கூட ஏனோதானோவென்று போடமாட்டான். உன் பையை நான்தான் கட்டினேன். முகக் கண்ணாடியை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, உள்ளே பழைய பனியனைத் திணித்துத் தகர டப்பாவில் வைப்பேன். கால் துடுப்பு இரண்டும் வளையாதபடி பலகைகளுக்கு நடுவில் போகும். லாரி ட்யூபில் வெட்டி ஈயக் குண்டு கோத்த பெல்ட்டுக்கு முகப்பவுடர் தூவிச் சுருட்டுவேன். நீ பக்கத்தில் நின்று நையாண்டி செய்வாய்: "என்ன மச்சான், பெல்ட்டுக்குப் பொண்ணு பாக்கவா போறீரு?"

அந்தத் தடவை நான் ரங்கத்தில் மாட்டிக்கொண்டேன். ஓடிவந்து துறைமுகத்தில் உன்னைப் பிடித்தபோது பை கட்டியாகிவிட்டது.

"உமக்காகக் கப்பல் நிக்குமாவே? நானே கட்டிட்டேன். பவுடரு தீந்துபோச்சு. தலைக்குத் தேச்ச எண்ணெயையே பெல்ட்டுக்கும் தேச்சேன். என்னைய மாரி மினுமினுன்னு இருக்கு பாரும்."

இருவரும் சிரித்தோம். ஒருமுறை கட்டிய பையைக் கப்பலில் அவிழ்ப்பது ஆகாது. அதுவும் நம் வழக்கந்தான். எஞ்சின் அறையின் சூடான சுவரை ஒட்டியே கட்சால் வரைக்கும் அது கிடந்தது.

அங்கே டிங்கிப் படகில் பெல்ட்டைக் கட்டும்போது "கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்றாய். சிலுவை போட்டுக்கொண்டு சிப்பிக்கு இறங்கினாய். கீழே கயிறு பாறைப் பிளவில் சிக்கியது. அப்படிச் சிக்கினால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மேலே வரவேண்டும், கயிறு கட்டியிருப்பது பெல்ட்டில்தானே. எத்தனையோ தடவை வந்திருக்கிறாய். அன்று வரவில்லை. என் உள்ளங்கையில் நீ இழுத்த இழுப்பு வந்தது. நான் மேலே இழுத்தேன். மறுபடி இழுத்தாய். பிறகு இழுக்கவில்லை.

டிங்கியில் இருந்த மற்றவர்கள் இறங்கி உன்னைத் தூக்கிவந்து கரையில் கிடத்தியபோது உன் விரல்கள் கொக்கியிலேயே இருந்தன. ரப்பர் ஊதி, கொழகொழத்து, கொக்கியோடு ஒட்டிப்போயிருந்தது. கத்தியால் நெம்பித்தான் திறந்தோம். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் பெரியவர் ஒருவர் அதைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். "எண்ணெ போட்டீங்களா தம்பி? ரப்பருக்கு எண்ணெ ஆவாதுங்களே. குடிச்சிட்டு ஊதிப்போயிருமே" என்றார். அதுவரை நமக்கு அது தெரியாது, மாப்பிள்ளை.

இப்போது உன் மகள் பவளப்பாறை கணக்கெடுக்கும் குழுவோடு கட்சாலுக்குப் போகிறாள். அவளும் மூச்சை அடக்கித்தான் மூழ்குகிறாள். அப்பா இறங்கின பாறையில் ஒரு தடவை இறங்கவேண்டுமாம். கடல் ஏறி வந்தபோது கட்சால் கரையே அமிழ்ந்துவிட்டது. அந்தப் பாறை இன்று உன் ஆழத்தில் இல்லை, அதற்கும் கீழே இருக்கிறது. சொன்னேன். "தெரியும் மாமா" என்றாள்.

அவள் பையில் எல்லாவற்றுக்கும் மேலாக இருந்தது உன் பெல்ட். என் தங்கையின் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறாள்.

"வறண்டு வெடிச்சுக் கெடந்துச்சு மாமா. எண்ணெ போட்டதும் உயிர் வந்துடுச்சு பாருங்க."

அப்போதுதான் எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். எண்ணெய், கொக்கி, உன் விரல்கள். என் தங்கை இருந்தவரை வீட்டில் யாரும் வாய் திறக்காத விஷயம்.  கேட்டுவிட்டு, பெல்ட்டைத் தாவணித் துணியால் அழுத்தித் துடைத்தாள்.

"எண்ணெதானே மாமா? தொடச்சாச்சு. சப் டீக் ஹை, எல்லாம் சரியாயிடுச்சு."

"உள்ள எறங்குனது தொடச்சா போகுமாட்டி?"

"அரே மாமா, எங்கிட்ட புது பெல்ட் இருக்கு. இதச் சும்மா கூட வெச்சுக்கிறேன்."

"கூடவும் வேண்டாம்."

உன்னைப் போலவே உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது, புருஷனும் இன்னும் வரவில்லை. அதனால் பையை நான் கட்டினேன். நீளத் துடுப்புகளைப் படுக்கை வசமாக வைத்து, கண்ணாடியை டப்பாவில் போட்டு, புது பெல்ட்டுக்குப் பவுடர் தூவி, என் முடிச்சைப் போட்டேன். உன்னுடையதைத் தகரப் பெட்டியில் வைத்து மூடினேன். ஆட்டோ ஏறும்போது என் காலைத் தொட்டு, "டென்ஷன் ஆகாதீங்க" என்றாள்.

மத்தியானம் அந்தப் பெல்ட்டை எரித்துவிடலாம் என்று பெட்டியைத் திறந்தேன். பெட்டியில் அது இல்லை.

பையில் இருக்காது. அது என் முடிச்சு, ஆட்டோ ஏறும்வரை அவிழவில்லை. சட்டைக்குள் இடுப்பில் கட்டிப் போனாளா, கைப்பையில் வைத்திருக்கிறாளா, தெரியவில்லை. மடியில் வைத்துக்கொள்வதற்கு எடுத்தாளா, பாறையில் இறங்குவதற்கு எடுத்தாளா, அதுவும் தெரியவில்லை. கப்பல் போய்விட்டது. கரை மறைந்தால் போன் எடுக்காது. பாய் விடாமல் அடித்துப் பார்க்கிறார்.

நீ இழுத்த அந்த இழுப்பு இத்தனை வருஷமும் என் வலது உள்ளங்கையில்தான் இருக்கிறது. சோறு பிசையும்போது வரும், தூக்கத்தில் வரும். மத்தியானத்திலிருந்து நிற்கவே இல்லை.

டிங்கியில் அன்று இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். என் தங்கை போன மழைக்குப் போனாள். உன் வீட்டில் இன்று உயிரோடு இருப்பது ஒருத்திதான், மாப்பிள்ளை. அமலி.