சிட்டு என்று கூப்பிடுவதற்குள்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

கை எப்படி இருக்கிறது? பக்கவாதம் வந்த கைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இரு. பேச்சுப் பயிற்சியிலும் சோம்பாதே.

உன் பெண்டாட்டி போனில் ஒரே புலம்பல். "சிட்டு ஹாஸ்டல்லேர்ந்து போன் பண்ணா எழுந்து உள்ள போயிடறாரு அண்ணி." பெற்ற பெண்ணிடம் என்னடா வீம்பு? இங்கே வரும்போதெல்லாம், "நான் வெளியூர்ல படிக்க வந்தது அப்பாவுக்குப் பிடிக்கலையா அத்தை?" என்று முகம் வாடிக் கேட்கிறாள்.

அடுத்த மாதம் இங்கே பெரிய மாநாடு. அடிபட்ட மூளை தன்னை எப்படி மாற்றிக்கொள்கிறது என்று பல நாட்டு மருத்துவர்கள் பேசப்போகிறோம். பயிற்சியின்போது உன்னை எடுத்த வீடியோவைக் காட்டட்டுமா?

உன் அக்கா

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். நல்லவேளை, பேச்சோடு எழுத்தும் போய்விடவில்லை.

வீம்பெல்லாம் இல்லை. "சிட்டு" என்று கூப்பிட வாயெடுத்தால் "சீப்பு" என்று வருகிறது. பிறந்ததிலிருந்து கூப்பிட்ட பெயர். அது அப்படி வருவது அவள் காதில் விழக் கூடாது. தினமும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறேன். பரீட்சை முடிந்து வருகிறவளை வாசலில் நின்று ஒழுங்காகக் கூப்பிட வேண்டும். அதுவரை அவளிடம் மூச்சு விடாதே.

வீடியோவில் நான் ஸ்க்ரூடிரைவர் பிடிப்பதைக் காட்டு. எலக்ட்ரீஷியனுக்கு அந்தப் பெருமை போதும். சீப்பு வருகிற இடத்தை மட்டும் காட்டாதே. நீ காட்டமாட்டாய், தெரியும்.

உன் அன்புத் தம்பி

மார்ச் 16

அன்புள்ள தம்பிக்கு,

திட்டாமல் படி. அந்த இடத்தையும் காட்டிவிட்டேன்.

கை அசைவதை எல்லோரும்தான் காட்டுகிறார்கள். சொல்லைத் தேடி மூளை வேறு வழி பிடிப்பது உன்னிடம்தான் அத்தனை தெளிவாகத் தெரிகிறது. முன்வரிசையில் ஓரிருவர் சிரித்தார்கள். கேலியாக இல்லை, பிரியமாகத்தான். முடிந்ததும் அரங்கமே எழுந்து கைதட்டியது.

சிட்டுவையும் வரச் சொல்லியிருந்தேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். தேடிப் போனால், கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருக்கிறாள். "அப்பாவுக்கு என்மேல கோபமே இல்லையா அத்தை?" என்றாள். அவளுக்கு உண்மை தெரிந்தது நல்லதுதானே?

செப்டம்பரில் இன்னொரு மாநாடு. நீயே மேடைக்கு வர வேண்டுமாம். வருவாய் அல்லவா?

உன் அக்கா

ஏப்ரல் 29

அக்கா,

சிட்டு வந்துவிட்டுப் போனாள். கேட் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினேன். வாயைத் திறப்பதற்குள் கையைப் பிடித்துக்கொண்டு, "கஷ்டப்படாதீங்கப்பா. சீப்புன்னே கூப்பிடுங்க" என்றாள்.

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் ரிமோட்டுக்காக என்னோடு மல்லுக்கு நிற்கிற பெண் அவள். இப்போது சேனல் மாற்ற அனுமதி கேட்கிறாள். எனக்குக் காது கேட்காத மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, உரக்கப் பேசுகிறாள். நான் திணறினால், அந்த வார்த்தையைத் தானே எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். ஒரு நாள்கூடச் சண்டை போடவில்லை.

கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டில் கூப்பிட்டேன். "சிட்டு." பிசிறில்லாமல் வந்தது. என்ன செய்தாள் தெரியுமா? பையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் முன்னால் நான் அப்பாவாக நிற்க ஆசைப்பட்டேன். நீ என்னை நோயாளியாக நிறுத்திவிட்டாய். ஒரே ஒரு இடத்தைத்தான் வேண்டாம் என்றேன்.

செப்டம்பருக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள். இனி இங்கே வருவதாக இருந்தால் முன்னாடியே என் பெண்டாட்டியிடம் போனில் சொல்லிவிடு. நான் வீட்டில் இருக்கமாட்டேன்.

தம்பி