நீ போன வழிக்கு ஒரு ஜன்னல்

என் கன்னியம்மா,

நம் அறையைத் திறந்துவிட்டேன்.

அடைப்பு நட்சத்திரத்தில் கண்ணை மூடினாய் என்று உன்னை வாசல் வழியாக எடுக்கவிடவில்லை. அப்படி எடுத்தால் அதே வழியில் திரும்பி வந்து, வீட்டிலிருந்து இன்னொரு உயிரைக் கூட்டிப்போவாயாம். ஜன்னலைப் பெயர்த்தார்கள். பாடை நுழையவில்லை என்று கீழ்ச்சுவரையும் கடப்பாரையால் இடித்தார்கள். உன்னை அந்த வழியாகக் கொண்டுபோய்விட்டு, தகரம் அடித்து, ஆறு மாதம் அறையைப் பூட்டச் சொன்னார்கள். பூட்டினேன்.

கெடு முடிந்த காலையிலேயே நசரத்பேட்டையிலிருந்து உன் அண்ணன் செங்கல்லோடு வந்துவிட்டார்.

"மச்சான், ஓட்டய அடச்சிடு. என் தங்கச்சிதான், இல்லேங்கல. பாசத்துல வந்து புள்ளய இட்டுகினு போய்டுவா."

"பெத்தவ பண்ணுவாளா அத? ஜன்னல்தான் வெப்பேன்."

"வெச்சிக்கோ. ஆனா இரும்புக் கம்பி எறக்கு. இரும்பு இருந்தா அண்டாது. அதுவரிக்கும் சுமதி எங்கூட்லயே கீட்டும்."

சொன்னபடியே நம் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் இப்போது நான் மட்டும்.

இடித்த வீட்டுக் கதவு ஜன்னலை வாங்கி ஊருக்கெல்லாம் விற்பவன் நான். டேப்பை எடுத்து மேலே, நடுவே, கீழே என்று அளந்தேன். அது உன்னை அளந்து இடித்த ஓட்டை அல்லவா? என் கடையில் கிடக்கும் ஒன்றும் சேரவில்லை.

ஆசாரி கபாலி சிரித்தார். "இன்னா மொதலாளி, ஊருக்கே ஜன்னல் விக்கிறே, உன் ஊட்டுக்கு ஒண்ணு இல்லியா? இது ஜன்னல் அளவும் இல்ல, வாசக்கால் அளவும் இல்ல. கீழ கொஞ்சம் கல்லு கட்டி சின்னதாக்கிடலாம்."

"வேணாம். இருக்கிற அளவுக்கே செய்."

என் முகத்தைப் பார்த்தவர் அளவுகோலை எடுத்தார். இரண்டு பழைய தேக்குச் சட்டங்களைச் சேர்த்துச் செய்து பொருத்திக் கொடுத்தார். முழங்கால் உயரத்திலேயே ஆரம்பிக்கிறது ஜன்னல். பழையதன் மேல்தாழ்ப்பாள் எட்டாமல் டிரங்குப் பெட்டிமேல் ஏறி நின்று என்னைத் திட்டுவாயே? இதில் உன் கைக்கு எட்டும் இடத்தில்தான் தாழ்ப்பாள். அதையும் நான் போடவில்லை.

கம்பிகளைச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். ஜன்னல் திறந்தே கிடக்கிறது. அணில் வருகிறது, பக்கத்து வீட்டுப் பூனை வருகிறது. நீ ஏன் இன்னும் வரவில்லை? வழி மறந்துவிட்டதா? என்மேல் கோபமா? கடன்காரனையே விரட்டிப் பிடித்தவன் நான், உன்னை எங்கே போய்ப் பிடிப்பேன்? படிக்கிறவர்கள் பைத்தியம் என்றால் என்றுவிட்டுப் போகட்டும்.

நேற்று எதிர் எஸ்.டி.டி. பூத்துக்கு சுமதி போன் செய்தாள்.

"நைனா, கம்பி போட்டியா? நா எப்போ வர்றது?"

"ஞாயித்துக்கெழம வாடா."

"கம்பி போட்டா அம்மா எப்டி வரும்?"

ரிசீவரை வைத்துவிட்டேன்.

அதனால் கேள். ஞாயிற்றுக்கிழமை காலை கம்பி இறக்கக் கபாலி வந்துவிடுவார். அதற்குள் ஒரே ஒருமுறை வந்துவிட்டுப் போ. உயிரோடிருக்கும் பிள்ளையை விட்டுவிட்டு உனக்காகக் காத்திருக்க என்னால் முடியாது. இதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் கண்ணாடி வளையல் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே அதன் முழு வட்டமும் அடங்குகிறதா என்று பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் இறக்கச் சொல்வேன். சுமதியின் பாயை ஜன்னலை ஒட்டியே போடுகிறேன். உள்ளே வர முடியாவிட்டாலும், கையை நீட்டினால் அவள் தலை எட்டும்.

உன் சுமதிக்கு இனி அப்பனும் ஆத்தாளுமான,
உன் வீட்டுக்காரன்
கள்ளிக்குப்பம்