நீ நிக்கிற வரைக்கும்

அண்ணா,

அடுத்த சுற்றில் செல்வி வீட்டுக்குப் பாடு இல்லை. இன்று காலை உங்கள் ஊர்த் தலைவரே தொலைபேசியில் இதை உறுதிசெய்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வேறு மாதிரி முடிவெடுத்தால்தான் மாறும் என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் கரையில் யாரோ படகு இஞ்சினை இழுத்து இழுத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் அடுத்த கேள்வியை மறந்துவிட்டேன். உங்கள் படகும் அப்படித்தான் அடம்பிடிக்கும்.

நான் முதலில் உங்கள் ஊருக்கு வந்தது ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் தூர்ந்துபோனதைப் பற்றிப் பத்திரிகையில் எழுத. வந்த அன்று ஊர்க் கூட்டம். ஏரியில் மீன்படும் இடங்களில் வலை கட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வைத்து நாள் வரும், அதுதான் பாடு என்று பக்கத்தில் நின்றவர் விளக்கினார். ஆண் இல்லாத வீட்டுக்கு முறை கிடையாது. செல்வியின் கணவன் படகு கவிழ்ந்து இறந்திருந்தான். இரண்டும் பெண் பிள்ளைகள். கருமாதி முடிந்த கையோடு அவள் முறையை எடுத்துவிடத்தான் ஊர் கூடியிருந்தது.

நீங்கள் எழுந்து, அவள் வீட்டுக்கு ஆம்பளைதானே வேண்டும், நான் நிற்கிறேன் என்றீர்கள். அப்படியென்றால் அவளையும் கட்டிக்கொள் என்று யாரோ குரல் கொடுக்க, கூட்டம் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். "வூட்ல கேட்டுட்டு வரேன். உசுரோட திரும்பி வந்தா சொல்றேன்" என்றீர்கள். வெகுநேரம் பேசிவிட்டுத் தலைவர் முடித்துவைத்தார்.

"சரி, நீ நிக்கிற வரைக்கும் அவ முறை இருக்கட்டும்."

அந்த வார்த்தையை ஏன் அப்படியே வாங்கிக்கொண்டீர்கள் அண்ணா? முறை அவளுடையது என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? கரைக்கு வந்ததும், உங்களுக்குப் பிறகு என்ன ஆகும் என்று கேட்டேன். "நான் இன்னா நாளைக்கேவா சாவப்போறேன் நைனா?" என்று சொல்லிவிட்டு வலையை உதறப் போய்விட்டீர்கள்.

அதன்பின் உங்களுக்கு இரண்டு வேலை. உங்கள் முறைக்கு ஒருமுறை, அவள் முறைக்கு ஒருமுறை. அவள் முறையில் விழுந்த இறாலில் ஒரு கைப்பிடிகூட எடுத்ததில்லை. கூடையை அவள் வாசலில் வைத்துவிட்டு, கதவு திறக்குமுன் நடந்துவிடுவீர்கள். ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. அண்ணி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு ஒருநாள் சோற்றுத் தூக்கோடு வந்து, பெண்கள் ஏறாத அந்தப் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அன்று முதல் செல்வி முறை வந்தால் இருவருமாகத்தான் போனீர்கள். வலை கட்ட அண்ணி கழி ஊன்றப் பழகியது அப்படித்தான்.

செல்வி நம்பும் சாமி வேறு. அவள் இப்போது உங்கள் சபைக்கு வருகிறாளா என்று பாஸ்டர் ஒருமுறை உங்களிடம் விசாரித்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். "அத்த நான் கேக்கல பாஸ்டர். காலைல எறாலு குடுத்தேன், மத்தியானம் தூங்கிட்டேன்" என்றீர்கள். பாஸ்டருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. சபையில் நீங்கள் எழுந்து சாட்சி சொல்லி நான் பார்த்ததில்லை. பைபிளைத் திறந்தால் இரண்டு வசனத்தில் கண் சொக்கிவிடும் என்று அண்ணி கேலி செய்வார்.

உங்கள் அடக்க ஆராதனையில் எல்லோரும் பேசினார்கள். மைக் கை மாறிக்கொண்டே இருந்தது. விசுவாசத்தை வாழ்ந்து காட்டியவர், ஏழை வீட்டு வாசலில் கர்த்தரைக் கண்டவர் என்றெல்லாம் சொன்னார்கள். அழுதுகொண்டுதான் சொன்னார்கள், அந்த அழுகை பொய் இல்லை. செல்வி வெளியே வேலியோரம் தன் பெண்களோடு நின்றிருந்தாள்.

அன்று பேசியவர்களைத்தான் இந்த வாரம் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன். செல்விக்காக யார் நிற்பீர்கள் என்று மட்டும் கேட்டேன். ஒருவர் தன் மகனுக்குப் பெண் பார்ப்பதாகவும், இந்த நேரத்தில் பேச்சு வந்தால் சரிப்படாது என்றும் சொன்னார். இன்னொருவர் தலைவரைப் பகைக்க முடியாது என்றார். உங்கள் வலைக் கூட்டாளி யேசுதாஸ் என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. வலையின் கிழிசலைத் தைத்தபடி பேசினான்.

"அது அண்ணனோட விசுவாசம் சார். நமக்கு அவ்ளோ வராது. ஜெபத்துல வெச்சிருக்கோம்."

உங்களுக்கு இதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று தெரியவில்லை. ஜெபம் செய்யத் தெரிந்திருந்தால் அதையாவது செய்திருப்பேன். உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒன்றுதான்: யாராவது நல்ல வார்த்தை பேசினால், பிறகு அவர் கை என்ன செய்கிறது என்று பார்க்கிற பழக்கம். இந்த வாரம் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை அண்ணா.

நிற்கிறேன் என்று சொன்னது அண்ணி ஒருவர்தான். தலைவர் வீட்டுக்கே போய்ச் சொல்லியிருக்கிறார். பொம்பளை முறைக்கு நிற்கும் வழக்கம் ஊரில் இல்லை என்றாராம் தலைவர். "அத்தினி நாளு அந்தப் படகுல ஒக்காந்தேனே, ஏரி இன்னா வத்திப்போச்சா?" என்று அண்ணி கேட்டிருக்கிறார். ஞாயிறு கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றாராம் தலைவர். அண்ணி சொன்ன இதைத் தலைவரிடமும் கேட்டேன், மறுக்கவில்லை.

முறை போனால் செங்கல் சூளைக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்கிறாள் செல்வி. பெரியவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உடன் போவாள். திங்கட்கிழமை காலை எளாவூர் பக்கமிருந்து வண்டி வரும் என்று சூளை மேஸ்திரியும் சொன்னார்.

கூட்டம் ஞாயிறு மாலை, ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு. அண்ணி நிற்கலாமா என்பது அங்கே கை தூக்கி முடிவாகும். இதை எழுதும்வரை, அவருக்காகக் கை தூக்குகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.