பாத்தியைக் கூட்டிப் பெருக்கிய நாள்

பிடுங்கிய முளைக்கீரையின் வேர்மண் வாசனையும், மணலிப் பக்கமிருந்து வரும் ஆலை நெடியும் சேர்ந்து இன்று காலை மூக்கில் ஏறின. உடனே உன் நினைவு. நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது, தோழி.

சடையங்குப்பத்தில் நாம் ஆறு பெண்கள் கீரை போடும் அரசு நிலத்தை, கன்டெய்னர் லாரிகள் நிறுத்தக் கொடுக்கப்போவதாக முதலில் பேச்சு வந்தபோது, நிலத்தைப் பார்க்க ஓர் அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். முந்தின நாளே நீ எங்களை விரட்ட ஆரம்பித்தாய்.

"ஆபீசர் வர்ற எடத்த இப்டியா கலீஜா வெச்சிகினு இருப்பீங்க? வூட்டுக்கு ஆளு வந்தா பெருக்க மாட்டீங்களா?"

அத்தனை கீரையையும் வேரோடு பிடுங்கிப் பள்ளிச் சமையல்கூடத்துக்கு அனுப்பினோம். பாத்திகளைச் சமன்செய்து வாசலைப் போலப் பெருக்கினோம். நீ கோலம்கூடப் போட்டாய்.

அதிகாரி சுற்றிப் பார்த்தார். "பயிர் ஒண்ணும் இல்லையேம்மா?"

"நேத்து இருந்துச்சு சார், இம்மாம் ஒசரம்!" என்று கையால் அளந்து காட்டினாய்.

"நேத்து இருந்ததை நான் எப்படி எழுதுறது?"

காலி நிலம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். "நானே கெடுத்துகினேன்மே" என்று வரப்பில் உட்கார்ந்தாய். கடைசிவரை அதை உன் தப்பாகவே வைத்திருந்தாய்.

அது உன் தப்பில்லை. ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, வருடம் முழுக்க விளையும் மண்ணைக் காலி என்று எழுதும் பழக்கம்தான் தப்பு. நகரத்தின் உணவைப் பற்றி நான் படித்த திட்டங்களில் கடைகள் உண்டு, கிடங்குகள் உண்டு. ஊருக்குள் விளையும் பொது நிலத்துக்கு ஒரு வரிகூட இல்லை. இது தனியார் நிலமாக இருந்தால் என்றைக்கோ கிடங்காகியிருக்கும். எல்லோருக்கும் சொந்தமாக இருப்பதால்தான் ஊரே மூழ்கிய அந்த வெள்ளம் வடிந்த மறு மாதமே பள்ளியில் நம் பிள்ளைகளின் தட்டில் கீரை விழுந்தது. இதையெல்லாம் உன்னிடம் சொன்னால் சிரிப்பாய்: "என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அவனாண்ட சொல்லு."

'காலி' என்று எழுதியதை எதிர்த்து நாங்கள் கொடுத்த மனுவின் பேரில் இன்று வேறோர் அதிகாரி வந்தார். நீ போனபிறகு வாரத்துக்கு ஒரு பாத்தியாக விதைத்து வருகிறேன். முளைவிட்டது, முழங்கால் உயரம், பிடுங்கத் தயாரானது என்று எல்லாம் இருந்தன. எதையும் பெருக்கவில்லை. சேற்றில் அவர் செருப்பு மாட்டிக்கொண்டது.

"ஆபீஸ்ல போய் எழுதிக்கிறேம்மா."

நான் வரப்பை மறித்து நின்றேன். "இல்ல சார். இங்கயே நின்னு எழுதுங்க."

பின்னாலிருந்து நம் ஆட்களில் ஒருத்தி, "எழுதாங்காட்டி செருப்பு வராது நைனா!" என்றாள். அவரே சிரித்துவிட்டார். 'கீரைப் பயிர் உள்ளது' என்று அவர் அங்கேயே எழுதியதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டச் சொன்னேன்.

நிலம் யாருக்கு என்ற உத்தரவு இன்னும் வரவில்லை. எதிராகவும் வரலாம். வந்தால் அடுத்த அலுவலகத்துக்குப் போவேன். உன் சத்தம் எனக்கு வராது. ஆனாலும் சொன்னது நடக்கும்வரை விடாமல் நிற்க உன்னிடமிருந்து கற்றுக்கொண்டுவிட்டேன். இந்த நிலத்தைக் காலி என்று எழுத இனி யாருக்கும் ஒரு நாள்கூடத் தரமாட்டேன்.