மின்விசிறியில் தூசி

மகாபிரபுவான என் தம்பிக்கு,

இன்று வீட்டுக்கு வந்தேன். நீ நூலகத்துக்குப் போயிருப்பதாக அம்மா சொன்னாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. அங்கேயும் படித்திருக்க மாட்டாய்; ஆடுகிற மேசைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பாய்.

புத்தகத்தைத் திறந்தால்தானே உன் கண்ணுக்கு உலகத்து அழுக்கெல்லாம் தெரியும்? போன வருடம் பரீட்சைக்கு முந்தின நாள் மின்விசிறியைக் கழற்றித் துடைத்தாய், ஒழுகிய குழாயைச் சரிசெய்தாய். மறுதேர்வு வந்ததும் என் கல்யாணப் படங்களை ஆல்பத்தில் அடுக்கினாய். அதில் தேறியது ஆல்பம் மட்டும்தான்.

"அவனுக்குப் பரீட்சைன்னா வீட்டு வேலைக்கு ஆளே வேண்டாம்டி" என்பாள் அம்மா. அப்பா சிரிப்பதில்லை. "இதுதான் கடைசி. இதையும் கோட்டை விட்டா நம்ம பெயின்ட் கடையில வந்து உட்காரட்டும்" என்கிறார்.

இந்த முறை எதைப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறாய் என்று பார்க்கத்தான் உன் அறைக்குள் நுழைந்தேன். மின்விசிறியில் விரல் கனத்துக்குத் தூசி. நாற்காலியில் துவைக்காத சட்டைகள் மலையாகக் கிடக்கின்றன. மேசைமேல் இருந்த டம்ளரில் பூஞ்சையே பிடித்துவிட்டது. குழாயும் மறுபடி ஒழுகுகிறது.

அம்மா துடைப்பத்தோடு அறை வாசலில் நின்று மெதுவாகச் சொன்னாள்: "ஒரு மாசமா ஒண்ணையும் தொடலடி. உடம்புக்கு முடியலையோன்னு பயமா இருக்கு."

துடைப்பத்தை அவள் கையிலிருந்து வாங்கி ஒளித்து வைத்துவிட்டேன். பரீட்சை முடியும்வரை அந்தத் தூசிமேல் யாரும் கைவைக்கக் கூடாது. முக்கியமாக நீ.

உன்னைத் துளியும் நம்பாத,
அக்கா