ரோட்டுக்குப் பதிலாகிப்போன வண்டி

என் பாசமுள்ள பாண்டி அண்ணனுக்கு,

மலைக்கு ரோடு இன்னும் வரவில்லை. நீ இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பாய்.

கொரோனா நேரத்தில் ஆம்புலன்ஸ் அடிவாரத்துக் கடமலைக்குண்டோடு நின்றுவிடும். மேலே மலைக்கிராமத்தில் காய்ச்சலில் கிடந்தவர்களைக் கம்பளியில் கட்டித் தூக்கி வந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த நீ சரியாகச் சாப்பிடவில்லை. உன் வெல்டிங் பட்டறையில் கிடந்த பழைய பைக்கின் பக்கத்தில் இரும்புக் கட்டில் ஒன்றைப் பற்றவைத்துச் சக்கரம் மாட்டினாய். உடைசல் ஆட்டோவின் ஸ்பிரிங்கைக் கழற்றி அடியில் கொடுத்தாய். என்னைப் படுக்கவைத்துக் கரட்டில் ஓட்டிப் பார்த்தாய்.

"இடுப்பு வலிக்குதா? நெசத்தச் சொல்லு. புள்ளத்தாச்சி படுத்தாலும் தாங்கணும்ல."

எத்தனை பேரை இறக்கிக்கொண்டு வந்தாய்! கடைசியில் காய்ச்சல் உனக்கும் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஆக்சிஜனுக்குக் காத்திருக்கும்போதே போய்விட்டாய். மூச்சு வாங்கிக்கொண்டே, "வண்டிய மேல அனுப்பிரு" என்றாய். அனுப்பினேன்.

அப்புறம் உன்னைக் கொண்டாடினார்கள். மேடையில் உன் படத்துக்கு மாலை, எனக்கு ஒரு சால்வை. குறைந்த செலவில் பெரிய கண்டுபிடிப்பு என்று பேசினார்கள். இறங்கும்போது ஓர் அதிகாரியிடம் ரோட்டைப் பற்றிக் கேட்டேன்.

"அதான் உங்க அண்ணன் வண்டி செஞ்சு கொடுத்துட்டாரேம்மா. ரோட்டுக்கு என்ன அவசரம்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இதற்காகவா அண்ணே செய்தாய்?

போன மழையில் மலையில் செல்லத்தாயிக்குப் பிரசவ வலி கண்டது. உன் வண்டியில்தான் ஏற்றினார்கள். ஓடையில் பாறை இடித்து அச்சு முறிந்துவிட்டது. பிறகொரு நாள் அவள் புருஷன் ராசு பட்டறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தான்.

"தோள்ல போட்டுக்கிட்டு ஓடியாந்தேன்க்கா. 'எறக்கி விடு, முடியல'ன்னா. அங்கனயே போயிட்டா. வயித்துல இருந்ததும் போச்சு. அண்ணன் இருந்திருந்தா அச்சப் பாத்து வச்சிருப்பாகல்ல?"

அந்தப் பாதையில் எந்த அச்சுதான் தாங்கும்? அவசரத்துக்கு நீ செய்ததையே போதும் என்று விட்டுவிட்டார்களே.

இன்னொரு வண்டி செய்து தரச் சொல்லி மேலேயிருந்து கேட்கிறார்கள். கொடுத்தால் ரோடு வராது. கொடுக்காவிட்டால் இன்னொருத்தி வழியில் சாவாள். நீ கொடுத்திருப்பாய். நானும் ஆள் வைத்துச் செய்யச் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை ராசுவோடு கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போகிறேன். ஒன்றும் நடக்காது என்பது இரண்டு பேருக்குமே தெரியும். ஆனால் ஒன்று, அண்ணே. இனி யார் உன்னைப் புகழ மேடைக்குக் கூப்பிட்டாலும், செல்லத்தாயி எப்படிச் செத்தாள் என்று சொல்லாமல் நான் கீழே இறங்கமாட்டேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
முத்துலட்சுமி